யுரேகாக் கொடி யாருக்கு உரியது?

சேரனின் விற்கொடிக்கும் சோழனின் புலிக்கொடிக்கும் பாண்டியனின் கயற்கொடிக்கும் பொருள் தேடி எவரும் அலைந்ததில்லை. அரசன் உயர்த்திய கொடிக்கு அரசன் சொன்னதே பொருள். கிளர்ச்சிக் கொடியின் நிலை வேறு. அதனை ஏற்றியவர் மடிவர், மடியாதவர் மாறுவர். உடையவன் இல்லாத நிலத்தில் வருவோரெல்லாம் வேலி அடிப்பது போல, பின்வந்தோர் ஒவ்வொருவரும் அதன்மேல் தம் பெயரைப் பொறித்துக் கொள்வர். மலேசிய, சிங்கப்பூர் மாணவர் பலர் உயர்கல்வி நாடிச் செல்லும் ஆஸ்திரேலியாவில், யுரேகாக் கொடிக்கு நேர்ந்திருப்பது இதுவே.

1851-இல் விக்டோரியாவில் பொன் கண்டெடுக்கப்பட்டது. பல நாட்டவரும் அங்கே குவிந்தனர். பொன் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும், மண்ணைத் தோண்டுவோர் மாதந்தோறும் 30 சில்லிங் உரிமக் கட்டணம் செலுத்த வேண்டும் என்றது அரசு. உரிமச்சீட்டு இல்லாதவரைக் காவலர் விலங்கை வேட்டையாடுவது போல் விரட்டிப் பிடித்தனர். வரி கொடுத்தோருக்கோ வாக்கு இல்லை. 1854 நவம்பர் 11-ஆம் நாள் பாலரட் சீர்திருத்தக் கழகம் தன் கோரிக்கைகளை வெளியிட்டது. ஆடவர் அனைவருக்கும் வாக்குரிமை, மன்றத்தில் நேரிய பேராண்மை, உறுப்பினராவதற்குச் சொத்துத் தகுதி கூடாது என்பன அவற்றுள் சில. நவம்பர் 29-ஆம் நாள் நீலத் துணியில் வெண்சிலுவையும் ஐந்து விண்மீன்களும் கொண்ட கொடி ஏறியது. மறுநாள் அதன் அடியில் மண்டியிட்டு, ஒருவருக்கொருவர் துணைநின்று உரிமை காப்போம் என்று பீட்டர் லாலர் தலைமையில் சூளுரைத்தனர். டிசம்பர் 3-ஆம் நாள் விடியலில் படையினர் அவர்களுடைய மரவேலியைத் தகர்த்தனர். தொழிலாளர் 20-க்கும் மேற்பட்டோர் உயிர் துறந்தனர். லாலர் ஒரு கையை இழந்தார். காவலர் ஒருவர் கம்பத்தில் ஏறிக் கொடியைப் பறித்தார்.

தோற்றவர்கள் வென்றனர். இராசத் துரோகக் குற்றம் சாட்டப்பட்ட 13 பேரில் ஒருவரையும் 1855-இல் அறங்கூறாயத்தார் குற்றவாளி எனக் கூறவில்லை. மாத உரிமக் கட்டணம் ஒழிந்து, ஆண்டுக்கு ஒரு பவுனுக்குச் சுரங்க உரிமை கிடைத்தது. அதே ஆண்டில் லாலர் சட்டமன்றம் புகுந்தார்.

வென்ற கொடிக்கு வாரிசுகள் பெருகுதல் இயல்பு. 1891-இல் குவீன்ஸ்லாந்தில் வேலைநிறுத்தம் செய்த ஆட்டு மயிர் கத்தரிப்போர் அதனை ஏந்தினர். பொதுவுடைமையர் தம் இளைஞர் அமைப்புக்கு யுரேகா என்றே பெயரிட்டனர். கட்டடத் தொழிற்சங்கங்கள் அதனைத் தம் அடையாளமாக்கின. 1982-இல் தோன்றிய நேஷனல் ஆக்ஷன் என்னும் இனவெறிக் கும்பலும் அக்கொடியின் கீழேயே நின்று, ஆசியர் குடியேறலாகாது என முழங்கியது. 2021-இல் மெல்பர்னில் ஊரடங்கை எதிர்த்தோர் கைகளிலும் அது காணப்பட்டது. ஒரே துணி, ஒன்றையொன்று மறுக்கும் உரிமைக் குரல்கள்!

அயலாரை விரட்ட இக்கொடியை ஏந்துவோரின் வாதம் முதலில் வீழ்கிறது. இக்கொடியின் கீழ்த் திரண்டோர் யார்? தலைவர் லாலர் அயர்லாந்துக்காரர். கொடியோடு பெயர் பிணைந்து, அத்தாக்குதலில் காயமுற்று மாண்ட ஹென்றி ராஸ் கனடாக்காரர். துரோக வழக்கில் நின்று விடுதலை பெற்ற கார்போனி இத்தாலியர். அவ்வழக்குகளில் முதலில் விசாரிக்கப்பட்டு விடுதலை பெற்ற ஜான் ஜோசப், அமெரிக்காவிலிருந்து வந்த கறுப்பினத்தவர். குடியேறியவர்களின் கொடியைக் குடியேற்றத்தை எதிர்க்கத் தூக்குவது, ஏறி வந்த ஏணியையே எட்டி உதைப்பதாகும்.

ஆயின் எதிர்த்தரப்பார் இவ்விடத்தில் மகிழ்ந்து கைதட்டிவிடுதல் ஆகாது. யுரேகா எல்லாருக்குமான உரிமைப்போர் என்று மேடைதோறும் பேசுவோர், அடுத்த பக்கத்தைப் புரட்டுவதில்லை. உரிமக் கட்டணத்தை ஒழிக்கப் பரிந்துரைத்த அதே விசாரணைக் குழு, சீனர் வருகையைக் கட்டுப்படுத்தவும் பரிந்துரைத்தது. 1855-இலேயே, வந்திறங்கும் சீனர் ஒவ்வொருவருக்கும் 10 பவுன் வரி விதிக்கப்பட்டது. அவ்வரியைத் தவிர்க்கச் சீனர்கள் தென் ஆஸ்திரேலியாவின் ரோப் துறைமுகத்தில் இறங்கிப் பல நூறு கிலோமீட்டர் நடந்தே பொன்வயல்களை அடைந்தனர். அங்கும் அவர்கள்மீது மட்டும் குடியிருப்பு வரி சுமத்தப்பட்டது. ஒருவன் தோளிலிருந்து இறக்கிய சுமையை இன்னொருவன் தோளில் ஏற்றுவதற்குப் பெயர் விடுதலையா? அப்பொன்வயல்களே வதவுருங் மக்களின் மண் என்பதையும் அந்தச் சூளுரை எண்ணிப் பார்க்கவில்லை. தலைவரின் வாழ்வும் கொடிக்குக் காப்பாகவில்லை. 1873-இல் குளூன்ஸ் ஊரில் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அதனை முறிக்க ஆள் கொணர்ந்த சுரங்க நிறுவனத்தின் இயக்குநர்களுள் ஒருவர் லாலர்.

அவ்வாறெனில் கொடியின் வாரிசு யார்? 1859-இல் அக்குடியிருப்பு வரியைக் கட்ட மறுத்துச் சீனர்கள் ஆயிரக்கணக்கில் திரண்டனர், மனு எழுதினர், சிறை சென்றனர். அச்சட்டத்தை இயற்றிய மன்றத்தில் அவர்களுக்காகப் பேசப் பேராளர் ஒருவரும் இல்லை. குரல் இல்லாதவனிடம் வரி வாங்காதே என்பதுதான் யுரேகாவின் வழக்கு. ஐந்தே ஆண்டுகளில் அதே வழக்கை அதே மண்ணில் தொடுத்தவர்கள் சீனர்களே. அவர்கள் கையில் நீலக்கொடி இல்லை, நியாயம் இருந்தது. கொடி இருந்தவர்களோ அந்நியாயத்துக்கு அருகில் வந்து நிற்கவில்லை.

கொடி அவரவர்க்கு அவரவர் பொருள் தரும், இதில் தீர்ப்புக் கூற யார் உளர் என்று நடுநிலை பேசுவோரும் உண்டு. அது நடுநிலையன்று, நழுவல். சொல்லுக்கு அகராதி இருப்பது போல், கிளர்ச்சிக் கொடிக்கு அதன் கோரிக்கை மனுவே அகராதி. தடை போட்டுத் தீர்க்க நினைத்தோரும் தோற்றனர். 2016-இன் கட்டடத் தொழில் விதிமுறை, தொழிற்சங்கச் சின்னங்களோடு இக்கொடியையும் பணியிடங்களிலிருந்து விலக்க முயன்றது. 2022-இல் அக்கட்டுப்பாடு நீக்கப்பட்டது. மறைத்த கொடி மறக்கப்படுவதில்லை. மேலும் பலர் தேடும் பொருளாகிறது.

இன்று அக்கொடி, படையினர் நினைவுப் பொருளாகக் கத்தரித்துச் சென்ற பகுதிகள் போக, பாலரட் நகரில் கந்தலாகக் காட்சிக்கு இருக்கிறது. அதன் குறை துணியில் மட்டும் இல்லை. வரலாறு பயிற்றும் ஆசிரியர் அக்கொடியை வகுப்பில் காட்டும்போது, 1854-ஐ மட்டும் சொல்லி நிறுத்தினால் மாணவருக்குக் கிடைப்பது பெருமிதம். 1855-ஐயும் 1859-ஐயும் சேர்த்துச் சொன்னால் கிடைப்பது அறிவு. எந்நாட்டுக் கொடியாயினும், அதனை ஏந்தி வருவோரிடம் மாணவன் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: இக்கொடியின் கீழ் இன்று இடம் மறுக்கப்படுபவன் யார்? அக்கேள்விக்கு விடை கூறத் தயங்குபவன் கையில் இருப்பது கொடி அன்று, வெறுங்கம்பு.