மானுக்குக் குண்டா, குப்பைத்தொட்டிக்கு மூடியா?

அமெரிக்காவில் மகன் வீட்டுக்குப் போய்த் திரும்பும் நம் தாம்பரத்துப் பெரியவர்கள் சொல்லும் கதைகளில் இப்போது மான் வேட்டையும் சேர்ந்துவிட்டது. "செலவே இல்லை சார். பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி, ஒரு பெட்டி குண்டு, அவ்வளவுதான். இங்கேயும் மான் ரோட்டுக்கு வருகிறதே, அனுமதி கொடுத்தால் என்ன?" என்று காலை நடையில் ஒரு நண்பர் கேட்டார். அவருக்கான பதில் அந்தக் குண்டிலேயே இருக்கிறது.

சிக்கனம் என்று அவர் சொன்னது உண்மைதான். 12 போர் துப்பாக்கியில் வழக்கமாகப் போடுவது ரவை. அது சிதறிப் பட்டு, மானைக் கொல்லாமல் காயப்படுத்தி ஓடவிடும். பெரிய ரவைக்குப் பிரெஞ்சில் 'ஷெவ்ரோத்தின்' என்று பெயர். மான்குட்டியின் பெயரிலிருந்து வந்த சொல். அந்தப் பிரான்சிலேயே இன்று மானை அதனால் சுடப் பொதுவாக அனுமதி இல்லை. ஒற்றைக் குண்டுதான் வேண்டும். அமெரிக்கர்கள் அதை 'ஸ்லக்' என்கிறார்கள். 1931-ல் கார்ல் ஃபாஸ்டர் உருவாக்கிய ஈய ஸ்லக், உள்ளே வரிப்பள்ளம் இல்லாத சாதாரணக் குழலிலேயே போகும். 'சாபோ' என்று இன்னொரு வகை உண்டு. பிரெஞ்சில் அந்தச் சொல்லுக்கு மரச்செருப்பு என்று பொருள். குண்டுக்குச் செருப்பு மாட்டியதுபோல ஓர் உறை. அதற்கு வரிப்பள்ளக் குழல் தேவை, விலையும் அதிகம். ஆகவே கை இறுக்கமானவர்கள் ஃபாஸ்டர் ஸ்லக்கோடு நிறுத்திக்கொள்கிறார்கள்.

ஆனால் அங்கே ஸ்லக் பரவியதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. ஒஹாயோ, இல்லினாய் போன்ற சமவெளி மாநிலங்களில் பண்ணை வீடுகள் அதிகம். ரைபிள் தோட்டா மைல் கணக்கில் பறக்கும். ஸ்லக் சீக்கிரமே வேகம் இழக்கும். மனிதர் பக்கத்தில் இருக்கிறார்கள் என்பதற்காகவே நெடுங்காலம் அங்கே மானுக்கு ரைபிளைத் தடுத்து வைத்தார்கள்.

அதே நியாயத்தை இங்கே பொருத்திப் பாருங்கள். கிண்டி தேசியப் பூங்கா சுமார் 270 ஹெக்டேர். தாம்பரம் கிறித்துவக் கல்லூரி வளாகம் 365 ஏக்கர். மதில் தாண்டினால் வீடும் பள்ளியும் பேருந்து நிறுத்தமும்தான். எவ்வளவு குறைந்த தூரம் போகும் குண்டுக்கும் இங்கே இடமில்லை.

சட்டமும் அதையே சொல்கிறது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் சில விலங்குகளை உரிமம் பெற்று வேட்டையாட வழி இருந்தது. 1991 திருத்தம் அதையும் எடுத்துவிட்டது. அது சரியான முடிவு என்பதே என் அபிப்பிராயம். மான் அதிகமாகிவிட்டது என்றால் கணக்கெடுப்பதும் இடம் மாற்றுவதும் வனத்துறையின் வேலை.

நம் பக்கத்து மானுக்கு எமன் வேறு. தெருநாய் துரத்துகிறது, வண்டி மோதுகிறது. ஐஐடி வளாகத்தில் இறந்த மான்களின் வயிற்றில் பிளாஸ்டிக் இருந்ததைச் செய்தித்தாளில் படித்தோம். சோற்று மிச்சத்தைப் பையில் முடிந்து மதிலோரம் எறிவது நாம்தான். நாயும் மானும் அந்த இடத்துக்கே வருகின்றன.

குறைந்த செலவில் கருவி வேண்டுமென்றால், மூடியுள்ள குப்பைத்தொட்டி வாங்கலாம். காட்டை ஒட்டிய தெருக்களில் இருப்பவர்கள் அடுத்த குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இதைக் கேளுங்கள். துப்பாக்கி உரிமத்தைவிடச் சீக்கிரம் கிடைக்கும்.