ரத்தப் பிரிவு: சிதம்பரம்!

புராஜெக்ட் சீஸன்ல கம்ப்யூட்டர் லேப் பக்கம் போனா, தவறாம காதுல விழுற டயலாக் இது: ‘எக்ஸெல்லில் இருந்து வர்ற சி.எஸ்.வி. ஃபைல்தானே மச்சி? கமா இருக்கிற இடத்துல வெட்டினா வேலை முடிஞ்சுது. இதுக்குப் போய் லைப்ரரி எதுக்கு?’

நியாயமாத்தான் தெரியும். ஆனா, வெட்டிப் பார்த்தாத்தான் விஷயம் புரியும்.

2004 சுனாமி, 2011 ‘தானே’ புயல், 2015 வெள்ளம்னு அடி மேல் அடி வாங்கிய மாவட்டம் கடலூர். அவசரத்துக்கு உதவ, ரத்த தானம் செய்றவங்க பட்டியல் ஒண்ணு தயார் பண்றீங்கன்னு வெச்சுக்குவோம். பெயர், முகவரி, போன், ரத்தப் பிரிவு... மொத்தம் நாலே கட்டம்.

முகவரியில் வெறும் ‘சிதம்பரம்’னு இருந்தா பிரச்னை இல்லை. ‘12, கீழ வீதி, சிதம்பரம்’னு ஒருத்தர் கொடுத்தா? நாலு கட்டம் ஆறா உடையும். போன் இருக்க வேண்டிய இடத்துல ‘கீழ வீதி’. ரத்தப் பிரிவு... ‘சிதம்பரம்’! சிரிப்பு வருதா? ஆஸ்பத்திரி வாசல்ல நின்னு அந்த நம்பரைத் தேடுறவருக்குச் சிரிப்பு வராது.

கமா உள்ள முகவரியை எக்ஸெல் இரட்டை மேற்கோளுக்குள் போட்டுத்தான் சேமிக்கும். உள்ளே இருக்கிற கமாவை வெட்டக் கூடாது. உள்ளேயே மேற்கோள் வந்தா அதை ரெண்டு தடவை எழுதணும். முகவரி நடுவுல யாராவது ‘என்டர்’ தட்டியிருந்தாலும் அது ஒரே வரிசைதான். இதையெல்லாம் 2005-ல் ஆர்.எஃப்.சி. 4180 என்ற ஆவணத்தில் எழுதியே வெச்சுட்டாங்க. பைத்தான் மொழியில் இதுக்கான லைப்ரரி 2003-லேயே 2.3 பதிப்போடு சேர்ந்தாச்சு. நீங்க மூணு ராத்திரி முழிச்சு எழுதப்போறது, அங்கே ரெண்டு மூணு வரி வேலை.

அப்போ லைப்ரரியைக் கண்ணை மூடிக்கிட்டு நம்பலாமா? அதுவும் கூடாது! எஸ்.டி.டி. கோடை தனிக் கட்டத்துல போட்டு, ‘பாண்டாஸ்’ லைப்ரரியில் அப்படியே படிச்சுப் பாருங்க. சிதம்பரத்தின் 04144, வெறும் 4144 ஆகிடும். எண்ணுனு நினைச்சு முன்னால் இருக்கிற பூஜ்யத்தை முழுங்கிடும். ‘இதை எழுத்தாவே படி’ன்னு நாமதான் சொல்லணும். பழைய ‘பாமினி’ ஃபான்ட்டில் அடிச்ச பட்டியல்னா, கட்டம் சரியாப் பிரியும். பெயர்கள் மட்டும் ஆங்கில எழுத்துக் குப்பையா நிக்கும். அதை யூனிகோடுக்கு மாத்துறது தனி வேலை. அதுக்கும் ‘ஓபன் தமிழ்’ மாதிரி லைப்ரரிகள் இருக்கு.

சொந்தமா எழுதவே வேண்டாமா? தாராளமா எழுதுங்க! மேற்கோளுக்கு உள்ளே இருக்கோமா, வெளியே இருக்கோமான்னு ஒவ்வொரு எழுத்தா பார்த்துப் போற புரோகிராமை எழுதினா, பாடத்துல படிச்ச ‘ஸ்டேட் மெஷின்’ சட்டுனு புரிஞ்சுடும். யாருமே லைப்ரரி எழுதாத ஃபைல் வகைன்னா, எழுதித்தான் ஆகணும். ஆனா, ஊரார் போன் நம்பரை நம்பி ஒப்படைக்கிற இடத்துல, நாலு பேர் அடிபட்டுத் திருத்தின கோடுதான் பாதுகாப்பு.

எதை எடுத்தாலும் ஒரு டெஸ்ட் உண்டு. கமா, மேற்கோள், நடுவுல என்டர், காலிக் கட்டம், தமிழ்ப் பெயர்... இந்த அஞ்சும் உள்ள ஒரு குட்டி ஃபைலை நீங்களே தயார் பண்ணுங்க. அஞ்சு வரிசை உள்ளே போனா, அஞ்சு வரிசை வெளியே வருதா? ஒவ்வொண்ணுலயும் நாலு கட்டம் இருக்கா? எண்ணிப் பார்த்துட்டு அப்புறமா ‘புராஜெக்ட் ஓவர்’னு சொல்லுங்க.

அடுத்த வாரம் பார்க்கலாம் பாஸ்!