எனக்கு முடியாமல் போனால் அவள் என்ன செய்வாள்?

ஹைதராபாதில் மலையேற்றம் என்று பேச்செடுத்தால் போதும், யாராவது பூர்ணாவை இழுத்துவிடுவார்கள். "பதிமூணு வயசுப் பொண்ணு எவரெஸ்ட் ஏறலையா அக்கா?" என்றுதான் என் அலுவலகத் தோழியும் ஆரம்பித்தாள். அவளுக்குப் பாரங் லா போக வேண்டும். ஸ்பிதியின் கிப்பர் கிராமத்தில் கிளம்பி, 5,500 மீட்டருக்கும் உயரமான கணவாயைத் தாண்டி, லடாக்கில் சோ மோரிரி ஏரிக்கரையில் இறங்கும் வழி அது. ஏறக்குறைய ஒரு வார நடை. வழியில் பெரும்பகுதிக்கு ஊரும் இல்லை, செல்போன் சிக்னலும் இல்லை. இதுவரை அவள் ஏறிய பெரிய மலை கோல்கொண்டா கோட்டை.

மாலாவத் பூர்ணா எவரெஸ்டில் நின்றது 2014 மே 25 அன்று. தெலங்கானா மாநிலம் பிறக்க எட்டு நாள் பாக்கி. எல்லாருக்கும் அது தெரியும். சமூகநல உறைவிடப் பள்ளியில் படித்த அவரும் உடன் ஏறிய ஆனந்த் குமாரும் அதற்கு முன் புவனகிரிப் பாறையில் கயிறு பிடித்துப் பழகியது, டார்ஜிலிங்கில் பயிற்சி பெற்றது, லடாக் குளிரில் வாட்டி எடுக்கப்பட்டது பற்றியெல்லாம் யாரும் மூச்சு விடுவதில்லை. அந்தப் பெண்ணை அனுபவமில்லாதவர்களுக்கு உதாரணமாகக் காட்டுவது அவருடைய உழைப்பை மறைப்பதுதான்.

என் தோழி கேபிஆர் பூங்காவைத் தினமும் சுற்றி ஓடுகிறவள். மூச்சு பலம் உண்டு. ஆனால் உயர நோய் ஓட்டக்காரியா என்று விசாரித்துவிட்டு வருவதில்லை. இந்திய ராணுவ மருத்துவர் இந்தர் சிங்கும் அவர் குழுவினரும் 1,925 வீரர்களிடம் இந்த நோயை ஆராய்ந்து 1969இல் எழுதினார்கள். அத்தனை பேரும் உடற்பயிற்சியில் ஊறிய ராணுவத்தினர். சுமார் 540 மீட்டரில் இருக்கும் ஹைதராபாதில் எவ்வளவு ஓடினாலும் உடம்பு மலையின் மெல்லிய காற்றுக்குப் பழகாது. அங்கே போய், மெதுவாக ஏறித்தான் பழக வேண்டும். மூவாயிரம் மீட்டரைத் தாண்டினால், முந்தின இரவு தூங்கிய இடத்தைவிட 500 மீட்டருக்கு மேல் உயரத்தில் அடுத்த இரவு தூங்கக் கூடாது என்பார்கள்.

புதியவரைக் கூட்டிப்போகிறவர்கள் எல்லாரும் அவருக்கு ஏதாவது ஆனால் என்ன செய்வது என்றே யோசிக்கிறார்கள். நான் மறுபக்கத்தைக் கேட்கிறேன். இருவர் மட்டும் போகும் பயணத்தில் எனக்கு மூளையில் நீர் கோத்துக்கொண்டால் மீட்புப் படை யார்? அவள்தான். அப்படியானால் அவளால் தனியாக என்னைக் கீழே கொண்டுவர முடிகிற வழியைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும். பாரங் லாவில் கணவாயைத் தாண்டிய பிறகு எந்தப் பக்கம் திரும்பினாலும் உதவி நாள்கணக்கில் தள்ளியிருக்கிறது. பாரே சூ ஆற்றில் இறங்கிக் கடக்க வேண்டும். பகல் ஏற ஏறப் பனி உருகி வெள்ளம் கூடும். சேட்டிலைட் கருவி வாங்கிக்கலாமே என்றாள். நம் நாட்டில் உரிமமில்லாமல் அதை வைத்திருக்க முடியாது. கார்மின் கருவியோடு விமான நிலையத்தில் மாட்டிய வெளிநாட்டினர் உண்டு. வழிகாட்டி இருந்தால்கூட மலை சலுகை காட்டுவதில்லை. 2024 ஜூனில் உத்தராகண்டின் சஹஸ்த்ர தாலுக்குக் கர்நாடகத்திலிருந்து போன குழு மோசமான வானிலையில் சிக்கி 9 பேர் இறந்தார்கள்.

ஆகவே பாரங் லாவுக்குப் பதில் லடாக்கின் மார்க்கா பள்ளத்தாக்கு என்று முடிவு செய்திருக்கிறேன். அங்கும் கோங்மாரு லா கணவாய் சுமார் 5,200 மீட்டர், சாதாரணம் இல்லை. ஆனால் ஸ்கியு, மார்க்கா, ஹங்கர் என்று ஊர்கள் வருகின்றன. வீடுகளில் தங்கலாம், கதவைத் தட்டி உதவி கேட்கலாம். லே போய் இறங்கியதும் உடம்பு உயரத்துக்குப் பழகச் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும் என்றதற்கு முகம் சுளித்தாள். லீவு வீணாகிறதாம்.

இப்போது விகாராபாத் அனந்தகிரிக் காட்டில் முழுச் சுமையோடு நடந்து பழகுகிறோம். அவள் பையைப் பிரித்தால் லேபிள்கூடக் கிழிக்காத புது பூட்ஸ், பெரிய கேமரா, அம்மா கொடுத்த ஆவக்காய் பாட்டில். வரைபடம் என் பையில் இருந்தது. அதை எடுத்து அவளிடம் கொடுத்துவிட்டேன். வழி சொல்வது இனி அவள் வேலை. மதிய உணவு இடைவேளையில் அலுவலக வராந்தாவில் குதிகாலோடு விரல் ஒட்ட நேர்கோட்டில் நடந்து காட்டுகிறேன். மூளை வீங்கியவருக்கு அப்படி நடக்க வராது, தள்ளாடும். ஆனால் வாய் மட்டும் தெளிவாகப் பொய் சொல்லும்.

"நல்லாத்தான் இருக்கேன்னு நீங்களே அடம்பிடிச்சா அக்கா?"

அதைக் கேட்காதே, கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு இறங்கு என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்திருக்கிறேன். வரைபடத்தோடு மடித்து வைத்திருக்கிறாள்.