பல்பு மேல பழி போடாதீங்க பாஸ்!

பெட்ரோல் இருக்கா? டயர்ல காத்து இருக்கா? ஓகே, அப்போ இந்த வாரம் லைட்டைப் போட்டுப் பார்ப்போம்!

ராத்திரி சிக்னல்ல நிக்கறீங்க. ஹெட்லைட் அகல் விளக்கு மாதிரி மினுக் மினுக்குனு அழுவுது. ஆக்ஸிலரேட்டரை முறுக்கினா மட்டும் பளிச்! இண்டிகேட்டர் கண் சிமிட்டவே யோசிக்குது. ஹாரனுக்கு ஜலதோஷம். உடனே நாம என்ன பண்ணுவோம்? சனிக்கிழமை சாயங்காலம் சென்னை ஜி.பி. ரோட்டுல போய், ‘அண்ணே, நூறு வாட்ஸ் பல்பு ஒண்ணு குடுங்க’ன்னு நிப்போம்.

குழாய்ல தண்ணி சொட்டுச் சொட்டா வருதுன்னா, பெரிய குடமா வெச்சா ரொம்பிடுமா மச்சி? குழாயைத்தானே பார்க்கணும்! பல வண்டிகள்ல பல்பு நல்லாத்தான் இருக்கும். கரன்ட்தான் வர்ற வழியிலேயே காணாமப் போகும். அதனால இந்த வாரப் பாடம் ஒரே வரிதான்: எதையும் மாத்தறதுக்கு முன்னாடி, அளந்து பாருங்க.

‘சும்மா லைட்டுதானே’ன்னு நினைக்காதீங்க. 60 கிலோமீட்டர் வேகத்துல போனா ஒரு செகண்டுக்குக் கிட்டத்தட்ட 17 மீட்டர் பறக்கறீங்க. முன்னாடி இருக்கிற பள்ளமோ, படுத்திருக்கிற மாடோ ஒரு செகண்ட் லேட்டா தெரிஞ்சா என்ன ஆகும்னு நான் சொல்ல வேண்டியதில்லை.

சம்பாதிக்கறது யாரு?

வண்டிக்கு கரன்ட் கொடுக்கறது பேட்டரின்னு நிறைய பேர் நினைச்சுட்டு இருக்காங்க. பேட்டரி வெறும் உண்டியல்தான் பாஸ். சம்பாதிச்சுப் போடறது, எஞ்சின் பக்கவாட்டுல கவருக்குள்ள இருக்கிற மேக்னட்டோ. காந்தம் பதிச்ச சக்கரம் சுத்த, ஸ்டேட்டர் காயில்ல ஏ.சி. கரன்ட் பிறக்கும். ரெகுலேட்டர் ரெக்டிஃபையர்... மெக்கானிக் அண்ணன்கள் பாஷையில ‘ஆர்.ஆர். யூனிட்’... அதை டி.சி-யா மாத்தி, வோல்டேஜ் எல்லை தாண்டாமப் பார்த்து, பேட்டரிக்கு அனுப்பும்.

ஆனா, யமஹா ஆர்எக்ஸ் 100 மாதிரி அந்தக் கால வண்டிகள்ல கதை வேற. 1996-ல உற்பத்தி நின்ன பிறகும் காலேஜ் பார்க்கிங்ல அதுதான் ஹீரோ! அதுல ஹெட்லைட்டுக்கும் பேட்டரிக்கும் பேச்சுவார்த்தையே கிடையாது. மேக்னட்டோவுல இருந்து நேரா ஏ.சி. போகும். அதனாலதான் எஞ்சின் வேகம் கூடினா வெளிச்சம் கூடுது, குறைஞ்சா மங்குது. அது வியாதி இல்லை, பிறவிக் குணம்!

உங்க வண்டி எந்த ரகம்? எஞ்சின் ஆஃப், சாவி ஆன், லைட் ஸ்விட்ச் ஆன். ஹெட்லைட் எரிஞ்சா டி.சி. எரியலைன்னா ஏ.சி. இந்த டெஸ்ட் பழைய வண்டிகளுக்கு மட்டும். 2017 ஏப்ரல்ல இருந்து புது டூவீலர்கள்ல, எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் தானா எரியணும்னு விதி வந்துடுச்சு. அதுல ஸ்விட்ச்சே இருக்காது.

மூணு நிமிஷ மெடிக்கல் செக்கப்

ரிச்சி ஸ்ட்ரீட் பக்கம் போனா ஒரு டிஜிட்டல் மல்டிமீட்டர் வாங்கிடலாம். ரூம் மொத்தத்துக்கும் ஒண்ணு போதும், ஷேர் போட்டுக்கோங்க. டி.சி. 20 வோல்ட்ல வெச்சு பேட்டரியோட ரெண்டு முனையிலயும் தொடுங்க.

1. ராத்திரி முழுக்க நின்ன வண்டி: 12.6 வோல்ட் இருந்தா உண்டியல் ஃபுல். 12.2-ன்னா பாதி. 12-க்கும் கீழன்னா முதல்ல பேட்டரியை சார்ஜ் போடுங்க.

2. எஞ்சின் ஸ்டார்ட், ஆக்ஸிலரேட்டர் பாதி முறுக்கல்: 13.5-ல இருந்து 14.5 வரைக்கும் ஏறினா சார்ஜிங் சூப்பர்.

3. ஏறவே இல்லையா? ஸ்டேட்டர், ஆர்.ஆர். யூனிட், ரெண்டுக்கும் நடுவுல இருக்கிற கனெக்டர்... இந்த மூணுல ஒருத்தர்தான் குற்றவாளி. கனெக்டரை முதல்ல பாருங்க. கருகியோ, பச்சை பூத்தோ இருக்கும்.

4. 15-ஐத் தாண்டுதா? ஆர்.ஆர். யூனிட் காலி. அப்படியே ஓட்டினா பேட்டரியும் பல்பும் வரிசையா சாகும்.

‘எஞ்சின் ஓடும்போதே பேட்டரியைக் கழட்டிப் பாரு தம்பி, வண்டி நிக்கலைன்னா சார்ஜிங் ஓகே’ன்னு யாராவது சொன்னா, கும்பிடு போட்டுட்டு வந்துடுங்க. பேட்டரி இல்லாம வோல்டேஜ் எகிறினா எலெக்ட்ரானிக் ஐட்டங்கள் பரலோகம் போயிடும்!

வழிப்பறி எங்கே நடக்குது?

டி.சி. ஹெட்லைட் உள்ளவங்களுக்கு இது. பேட்டரியில 12 வோல்ட் இருந்தாலும், பல்புக்கு 12 போய்ச் சேரும்னு கேரன்டி கிடையாது. சாவி ஸ்விட்ச், ஹேண்டில்பார் ஸ்விட்ச், நாலைஞ்சு கனெக்டர், நூல் மாதிரி வயர்... ஆளாளுக்குக் கொஞ்சம் பிச்சுக்குவாங்க. கண்டுபிடிக்கறது ஈஸி. லைட் எரியும்போது மீட்டரோட ஒரு முனையை பேட்டரி பாசிட்டிவ்லயும், இன்னொண்ணை பல்பு ஹோல்டரோட பாசிட்டிவ்லயும் வைங்க. மீட்டர் காட்டறதுதான் திருட்டுப் போன வோல்டேஜ். அதே மாதிரி பேட்டரி நெகட்டிவுக்கும் பல்போட எர்த்துக்கும் நடுவுல பாருங்க. ரெண்டும் சேர்த்து அரை வோல்ட்டுக்குள்ள இருந்தா வயரிங் நல்லா இருக்கு. ஒரு வோல்ட்டைத் தாண்டினா வேலை இருக்கு.

‘ஒரு வோல்ட்தானே’ன்னு அலட்சியமா? இழை பல்புல வோல்டேஜ் 10 சதவிகிதம் குறைஞ்சா, வெளிச்சம் சுமார் 30 சதவிகிதம் குறைஞ்சுடும். பல்பையே மாத்தாம, அந்த 30 சதவிகிதத்தை நீங்க திரும்ப வாங்கிடலாம்!

எப்படி? முதல்ல காசு செலவில்லாத வேலை. எர்த் வயர் ஃப்ரேம்ல மாட்டியிருக்கிற இடத்தைக் கழட்டி, பெயின்ட்டையும் துருவையும் உப்புத்தாள் போட்டுத் தேய்ங்க. இறுக்கி மாட்டி, மேல கொஞ்சம் வாஸ்லின். கனெக்டர் எல்லாத்தையும் கழட்டித் துடைச்சு மாட்டுங்க. பாதிப் பேருக்கு இதுலயே முகம் மலர்ந்துடும்.

அடுத்தது ரிலே. இது ஒரு வாட்ச்மேன். ஸ்விட்ச்சுல இருந்து வர்ற துளி கரன்ட்டை வாங்கிக்கிட்டு, பேட்டரியில இருந்து பல்புக்கு நேர் வழி திறந்துவிடும். நாலு காலோட நம்பரை மனப்பாடம் பண்ணிக்கோங்க: 30-ல பேட்டரி பாசிட்டிவ் ஃபியூஸ் வழியா, 87-ல பல்பு, 86-ல ஸ்விட்ச் வயர், 85-ல எர்த். ஹை பீமுக்கு ஒண்ணு, லோ பீமுக்கு ஒண்ணு. ஆனா, ரிலே கரன்ட்டை உற்பத்தி பண்ணாது, வழியைத்தான் அகலமாக்கும்.

பட்ஜெட் போடுங்க மாப்ளே!

வாட்ஸை 12-ஆல வகுத்தா ஆம்பியர். 35 வாட்ஸ் பல்புக்கு சுமார் 3 ஆம்பியர். நீங்க ஆசைப்படற 100 வாட்ஸுக்கு 8-க்கும் மேல! பாக்கெட் மணி அதே 35-க்குத்தான் வருது, செலவு மட்டும் 100-ன்னா, மாசக் கடைசி எப்படி இருக்கும்? தினமும் காலையில தள்ளித்தான் ஸ்டார்ட் பண்ணணும். வயரும் ஹோல்டரும் சூடாகி இளகுறது தனி போனஸ்.

‘எல்.இ.டி. போட்டா?’ன்னு கேக்கறீங்க. கரன்ட் மிச்சம்தான். ஆனா, அதுக்கு நிலையான டி.சி. வேணும். ஏ.சி. வண்டியில அப்படியே மாட்டினா படபடன்னு துடிக்கும், சீக்கிரம் சாகும். இழை பல்புக்காக வடிவமைச்ச ரிஃப்ளெக்டர்ல எல்.இ.டி-யைச் சொருகினா வெளிச்சம் சிதறி, எதிர்ல வர்றவர் கண்ணைக் குருடாக்கும். உங்களுக்கு ரோடு தெரிஞ்சு, அவருக்கு நீங்க தெரியாமப் போனா என்ன லாபம்?

பழைய ஆர்எக்ஸ் வெச்சிருக்கிறவங்களுக்கு நிஜமான மருந்து, ‘ஃபுல் வேவ்’ மாற்றம். அந்த ஸ்டேட்டர்ல லைட்டிங் காயிலோட ஒரு முனை பாடியிலயே எர்த் ஆகியிருக்கும். அதனால அலையில ஒரு பாதிதான் பேட்டரிக்குப் போகும். அந்த முனையை எர்த்ல இருந்து பிரிச்சு, தனி வயரா வெளியே கொண்டுவந்து, ஃபுல் வேவ் ஆர்.ஆர். யூனிட் மாட்டினா, ரெண்டு பாதியும் டி.சி. ஆகும். ஹெட்லைட்டையும் டி.சி-க்கு மாத்திட்டா சிக்னல்ல நின்னாலும் மினுக்காது. ஆனா, மேக்னட்டோவைத் திறந்து பண்ற வேலை இது. தெரிஞ்ச ஆட்டோ எலெக்ட்ரீஷியன் கையில கொடுங்க, பக்கத்துல நின்னு கத்துக்கோங்க. ஆர்.ஆர். யூனிட்டைக் காத்து படற இடத்துல மாட்டச் சொல்லுங்க. கூடுதலா வர்ற கரன்ட்டை அது சூடாத்தான் வெளியேத்தும்.

விளையாடக் கூடாத இடம்

ஃபியூஸ்! அடிக்கடி போகுதுன்னு சிகரெட் பாக்கெட் ஜரிகைத்தாளைச் சுத்தி வைக்கிற ‘விஞ்ஞானிகள்’ ஒவ்வொரு ஹாஸ்டல்லயும் உண்டு. ஃபியூஸ் இருக்கிறது பல்பைக் காப்பாத்த இல்லை மக்களே, வயரைக் காப்பாத்த. எங்கேயோ வயர் உரசி ஷார்ட் ஆகுதுன்னு அது கத்திச் சொல்லுது. நீங்க அது வாயைப் பொத்திட்டா, அடுத்து உருகறது வயர். அந்த வயர்க் கட்டு போறது எங்கேன்னு தெரியுமா? பெட்ரோல் டேங்குக்கு நேர் கீழே!

அதனால, நீங்க புதுசா இழுக்கிற ஒவ்வொரு பாசிட்டிவ் வயருக்கும் பேட்டரி பக்கத்துலயே ஒரு ஃபியூஸ். வயரைப் பல்லால சீவி முறுக்கி, டேப் சுத்தற கைவேலை வேண்டாம். சரியான டெர்மினலை கிரிம்ப் பண்ணி, ஹீட் ஷ்ரிங்க் ட்யூப் போடுங்க. வெறும் சால்டரிங்னா, அது முடியற இடத்துல வயர் விறைச்சு, அதிர்வுல ஒடிஞ்சுடும். ஹேண்டிலை ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, வயர் இழுக்குதா, உரசுதான்னு பாருங்க.

ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் வண்டியா? வாரன்டி இருக்கா? வயர்ல கத்தியே வைக்காதீங்க. சர்வீஸ் சென்டருக்கு விடுங்க. அப்புறம், ராகம் பாடற மல்டி டோன் ஹாரனுக்கு மத்திய மோட்டார் வாகன விதிகள்லயே தடை இருக்கு. ஆசைப்பட்டு மாட்டினா, அந்தக் கச்சேரிக்கு டிக்கெட் கிழிக்கிறது டிராஃபிக் போலீஸ்தான்!

இந்த ஞாயித்துக்கிழமை காலையில, மீட்டரோட பார்க்கிங்குக்குப் போங்க. உங்க வண்டியோட மூணு நம்பரை ஒரு பேப்பர்ல எழுதுங்க: நிக்கும்போது எவ்வளவு, ஓடும்போது எவ்வளவு, வழியில தொலைஞ்சது எவ்வளவு. ஏ.சி. ஹெட்லைட் வண்டிக்கு முதல் ரெண்டு போதும். மெக்கானிக் அண்ணன்கிட்ட ‘லைட் மங்குது’ன்னு சொல்றதுக்கும், ‘அண்ணே, பல்பு கிட்ட ஒன்றரை வோல்ட் குறையுது’ன்னு சொல்றதுக்கும் வித்தியாசம் இருக்கு. முதல் ஆளுக்கு பல்பு விப்பாங்க. ரெண்டாவது ஆளுக்கு வேலை செஞ்சு கொடுப்பாங்க!

அடுத்த வாரம்: சங்கிலி போடற சத்தம்... செயின் ஸ்ப்ராக்கெட் சங்கதிகள்!