இடித்துக் கட்டுவது திருப்பணியாகுமா?

திருப்பணி என்னும் சொல்லை நாம் இன்று மிக மலிவாக வழங்குகின்றோம். பழைய கருவறையை இடித்து, சீமெந்தாற் புதிது கட்டி, கோபுரத்துக்குப் பல நிறம் பூசிக் கும்பாபிஷேகமும் நிறைவேறிவிட்டால், கோயில் புதுப்பிக்கப்பட்டதென மகிழ்கின்றோம். அதனோடு அழிந்த வரலாறு எத்துணை என்று வினவுவார் இலர்.

வன்னியில் இவ்வினா மிக அவசரமானது. 2009இல் முடிவுற்ற போரின் இறுதி மாதங்களிற் புதுக்குடியிருப்பும் அதன் அயலூர்களும் அடைந்த அழிவு யாவரும் அறிந்ததே. மீண்டு வந்த மக்கள் தம் வீடுகளோடு கோயில்களையும் எழுப்பினர். அவ்வூக்கம் போற்றத்தக்கது. ஆயினும், யாம் அறிந்த சிறு கோயிலொன்றில், பழைய செங்கற் சுவர் அளவெடுக்கப்படாமலும் படம்பிடிக்கப்படாமலும் இடிக்கப்பட்டுப் புது மதிலின் அத்திவாரத்துக்கு இரையாயிற்று. போருக்குத் தப்பியது பக்திக்குத் தப்பவில்லை.

திருக்கோணேச்சரத்தைப் போர்த்துக்கேயர் 17ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் இடித்தனர். அதன் கற்களைக் கொண்டே கோட்டையும் கட்டினர். அக்கோட்டை வாயிலிற் பதிக்கப்பட்ட தூண் ஒன்றிலே தமிழ்க் கல்வெட்டும் இணைக்கயற் சின்னமும் இன்றும் உள. பகைவன் இடித்த கல் சான்றாய் நின்றது. அன்பர் இடித்த கல் அத்திவாரத்தில் ஊமையாயிற்று. இதனினும் வெட்கத்துக்குரியது வேறொன்றுண்டோ?

சான்றின் அருமையை அண்மைக்காலம் நமக்கு நன்கு உணர்த்திற்று. 2021இல் முல்லைத்தீவு மாவட்டத்துக் குருந்தூர்மலையில் தொல்லியல் திணைக்களம் அகழ்வைத் தொடங்கியபின், அவ்விடம் யாருடைய வழிபாட்டிடம் என்ற பிணக்கு நீதிமன்றம் வரை சென்றது. அத்தகைய பிணக்கில் ஆவணம் பேசும், ஆவேசம் பேசாது. பிறர் நம் வரலாற்றை மறைக்கின்றனர் என முழங்கும் நாம், நம் கையாலேயே அதனை உடைத்தெறிவது எந்த நியாயம்?

பழுதுற்றதை நீக்கிப் புதுக்குக என்பது ஆகமவிதியன்றோ எனச் சிலர் வாதிப்பர். உண்மையே. ஆனால், வழிபாட்டினின்று விலக்குவது வேறு. சுவடின்றி அழிப்பது வேறு. திருமழபாடிக் கோயிலை இடித்துப் புதிதாகக் கட்ட ஆணையிட்ட முதலாம் இராசராசன், அங்கிருந்த கல்வெட்டுக்களை முதலிற் புத்தகத்திற் படியெடுக்கச் செய்தான். அவன் மகன் இராசேந்திரன் காலத்தில் அவை மீண்டும் கல்லில் வெட்டப்பட்டன. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் ஓலையும் எழுத்தாணியும் கொண்டு செய்த பணியைக் கையிற் புகைப்படக் கருவியுள்ள நாம் செய்யாதிருப்பதற்கு என்ன சமாதானம் கூறுவோம்?

கல் மட்டுமன்று, வழக்காறும் மரபே. குரக்கன் ஒட்டைச் சுட்ட இடத்தில் இலிங்கம் தோன்றியதென்னும் ஒட்டுசுட்டான் தான்தோன்றீசுவரர் ஐதிகமும், கடல்நீரில் விளக்கெரியும் வற்றாப்பளைக் கண்ணகியின் வைகாசிப் பொங்கலும் முதியோர் நாவிலும் நடைமுறையிலும் வாழ்வன. அவற்றைக் கேட்டு எழுதாத தலைமுறை, பளிங்குத் தரையை மட்டுமே பெறும்.

எனவே, பதிவின்றி இடிப்பில்லை என்பதை ஒவ்வொரு பரிபாலன சபையும் விதியாகக் கொள்ளவேண்டும். அகற்றிய கல்லும் மரமும் கோயிலிலேயே ஓரறையிற் காக்கப்படல் வேண்டும். தமிழும் வரலாறும் பயிலும் நாம் விடுமுறையில் ஊர் செல்லும்போது அளவுநாடாவும் குறிப்பேடும் உடன் கொண்டு செல்வோமாக. அது செய்யாது, மண்டபத்திற் பண்பாடு பேசும் உரிமை நமக்கில்லை.