வழுதாவூர் இந்திரன்

இந்த வாரம் எனக்குக் கோபம். தொல்லுயிரியல் மாநாடு ஒன்றுக்கு முதல்முறையாகப் போய்வந்தேன். சந்தோஷமாக எழுதுவதாகத்தான் திட்டம். ஆனால் பதிவுப் படிவத்தில் 'நிறுவனம்' என்ற கட்டத்தை நிரப்பாமல் அடுத்த பக்கத்துக்குப் போக முடியவில்லை. ஓய்வுபெற்ற வங்கி ஊழியனுக்கு ஏது நிறுவனம்? 'சொந்த ஆர்வம்' என்று தட்டினேன். கழுத்தில் மாட்டிய அட்டையிலும் பெயருக்குக் கீழே அதுவே அச்சாகி வந்தது. தேநீர் வரிசையில் பக்கத்தில் நின்றவர்கள் முதலில் அட்டையைப் பார்த்தார்கள், பிறகு பிஸ்கட்டைப் பார்த்தார்கள்.

உரைகளில் பாதி புரியவில்லை. அது அவர்கள் குற்றமல்ல. சுவரொட்டி அரங்கில் மட்டும் ஓர் ஆய்வு மாணவி என் அட்டையைப் படித்துவிட்டும் பேசினார். "காரைக்குப் போயிருக்கீங்களா சார்? எந்த ஓடைப் பக்கம்?" காரை, புதைபடிவம் தேடுபவர்கள் போகும் ஊர். கட்டிய கட்டணம் அந்தக் கேள்விக்கே தகும்.

மாநாடு இவ்வளவுதான். இதோ 1846 வந்துவிட்டது என்று வழக்கமான வாசகர்கள் பக்கத்தைத் திருப்பிக்கொள்ளலாம்.

எட்வர்ட் ஃபோர்ப்ஸ் அந்த ஆண்டு லண்டன் புவியியல் கழகத்தின் வெளியீட்டில் எழுதிய தென்னிந்தியப் புதைபடிவ அறிக்கையை நான் இங்கே புகழாத மாதமில்லை. புதுச்சேரி, விருத்தாசலம், திருச்சி வட்டாரங்களில் அந்தக் கிளிஞ்சல்களையும், அம்மோனைட்டுகள் என்ற சுருள் ஓட்டுக் கடலுயிரிகளையும் சேகரித்தவர்கள் கே, கன்லிஃப் என்ற இருவர். இரண்டு பேருமே சென்னை மாகாண சிவில் சர்வீஸ் ஆட்கள். கல் பொறுக்க அவர்களுக்கு யாரும் சம்பளம் தரவில்லை. நம் வட்டாரத்துக் கிரெட்டேசியக் காலத்துக் கடலை உலகுக்குக் காட்டியது சொந்த ஆர்வம்தான்! (ஆனால் அவர்களுடைய அட்டையில் 'கிழக்கிந்தியக் கம்பெனி' என்றல்லவா இருந்திருக்கும்? பிஸ்கட்டைப் பார்த்திருக்க மாட்டார்கள்.)

லண்டனிலிருந்தபடியே பெயர் சூட்டிய ஃபோர்ப்ஸ், நம் தெய்வங்களை வரிசையாகக் கூப்பிட்டார். இந்திரன், வருணன், சூரியன், பிரம்மா எல்லோரும் அம்மோனைட் ஆனார்கள். பேரினப் பெயர்களைப் பின்னால் வந்தவர்கள் மாற்றினார்கள். சிற்றினப் பெயர்கள் நிலைத்துவிட்டன. சூடோஃபில்லைட்டஸ் இந்திரா, ஜீலாண்டைட்டஸ் வருணா, பிரம்மைட்டஸ் பிரம்மா. இந்த இந்திரன் புதுச்சேரிக்குப் பக்கத்து வழுதாவூர்ப் பாறைக்காரர், வயது ஏறத்தாழ 7 கோடி ஆண்டு. கனடாவின் வான்கூவர் தீவில் அதே வகை ஓடு கிடைத்தபோது அங்கேயும் அது இந்திராதான். பெயருக்கு ஆதாரமான அசல் மட்டும் லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

நம் மண்ணின் கல்லைப் பார்க்க விசா எடுக்க வேண்டுமா என்று போன வருடம் இதே பத்தியில் கொதித்தேன். இப்போதும் அசல் அங்கே இருப்பது நியாயம் என்று சொல்லமாட்டேன். ஆனால் அரியலூர்ப் பக்கத்துக் கல்லமேட்டை நினைத்தால் கொதிப்பு அடங்கிவிடுகிறது. அங்கே கிடைத்த டைனோசர் எலும்புகளுக்கு 1980களில் இந்தியப் புவியியல் ஆய்வுத் துறையின் யாதகிரியும் அய்யாசாமியும் பிருகத்காயோசாரஸ் என்று பெயர் வைத்தார்கள். முழங்காலுக்குக் கீழ் எலும்பு மட்டுமே 2 மீட்டர். முதலில் அதை மாமிசபட்சிணி என்றார்கள். பிறகு நீள்கழுத்துத் தாவரபட்சிணிகளோடு சேர்த்தார்கள். உலகிலேயே மிகப் பெரிய தரைவிலங்காக இருந்திருக்கலாம் என்று சொல்பவர்களும் உண்டு. சரிபார்க்கத்தான் எலும்பு இல்லை. பொடிந்து போய்விட்டது. களத்தில் எடுத்த புகைப்படங்கள் கட்டுரையாக வெளிவந்ததே 2022இல்தான். அதுவரை சில கோட்டோவியங்களை வைத்துக்கொண்டு, அது எலும்பே அல்ல, கல்லாகிய மரம் என்றுகூட வாதாடினார்கள்.

வழுதாவூரில் எடுத்த கைக்கடக்கமான ஓடு 180 ஆண்டுகளாக இழுப்பறையில் எண்ணோடு இருக்கிறது. ஆள் உயரத்துக்கு மேலான எலும்பு ஊர் போய்ச் சேரவில்லை.

மாநாட்டு மதியச் சாப்பாட்டு வரிசையில் நரைத்த தலை ஒன்றைப் பிடித்து, அந்த எலும்பு ஏன் ஊர் சேரவில்லை என்று கேட்டேன்.

"ஈரக் களிமண்ணுல கிடந்த எலும்பு சார்," என்றார்.

"பிளாஸ்டர் கட்டுப் போட்டுத்தானே எடுத்தாங்க?"

"கட்டு நல்லாத்தான் இருந்தது. உள்ள இருந்ததுதான் மாவாயிடுச்சு."