நாமும் சுற்றிப் பார்க்கப் போவோம்!

டிசம்பர் மாதம் பிறந்துவிட்டால் மூணாறு கடைவீதியில் நாம் நடப்பதற்கு இடம் கிடையாது. சென்னை வண்டி, பெங்களூர் வண்டி, கொச்சி வண்டி என்று வரிசையாக நிற்கின்றன. வந்தவர்கள் தேயிலைச் செடிகளுக்கு நடுவில் நின்று படம் பிடித்துக்கொள்கிறார்கள். அந்தப் படத்தின் ஓரத்தில் கொழுந்துச் சாக்குடன் ஒரு பெண் நிற்கிறார். அவர் நம் வீட்டுப் பெண்; நம் தாய், நம் அக்காள். முப்பது வருடம் அந்த மலையில் கொழுந்து எடுத்த அவரிடம், "ராஜமலைக்குப் போய் வரையாடு பார்த்திருக்கிறீர்களா அம்மா?" என்று கேட்டுப் பாருங்கள். "அதுக்கெல்லாம் நமக்கு ஏது நேரம்?" என்றுதான் பதில் வரும்.

இந்தப் பதிலைப் பற்றித்தான் இந்த மாதம் உங்களோடு பேச விரும்புகிறோம்.

நாம் பயணமே போகாதவர்கள் அல்ல. கோயில் கொடைக்குப் போகிறோம், கல்யாணத்துக்குப் போகிறோம், சாவுக்குப் போகிறோம். கயத்தாறுக்கும் சங்கரன்கோவிலுக்கும் பஸ் ஏறி, இரவெல்லாம் விழித்து, மறுநாள் திரும்பி வந்து வேலைக்கு நிற்கிறோம். அவை எல்லாம் கடமைக்காகப் போகும் பயணங்கள். கடன் வாங்கிப் போகும் பயணங்கள். பெண்டாட்டி பிள்ளைகளோடு, பார்ப்பதற்கென்றே, மகிழ்வதற்கென்றே போன பயணம் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு?

"கூலிக்குப் போராட வேண்டிய காலத்தில் உல்லாசம் ஒரு கேடா?" என்று சில தோழர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் தொழிலாளி இயக்கத்தின் சரித்திரத்தையே பதிலாகச் சொல்வோம். 1856 ஏப்ரல் 21-ஆம் தேதி ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகரில் கல் கொத்தர்கள் வேலையைப் போட்டுவிட்டு ஊர்வலம் போனார்கள். எட்டு மணி நேரம் உழைப்பு, எட்டு மணி நேரம் உறக்கம், மீதி எட்டு மணி நேரம் மனிதனாக வாழ்வதற்கு! இதுதான் அவர்கள் கேட்டது. உழைப்பு முடிந்தபின் மிஞ்சும் பொழுது தனக்கே சொந்தம் என்று தொழிலாளி அன்றே சொல்லிவிட்டான். எட்டு மணி நேரப் போராட்டத்திலிருந்து பிறந்த மே தினத்தை 1923-ல் சென்னைக் கடற்கரையில் சிங்காரவேலர் கொண்டாடியபோது, அந்தக் குரல் நம் மொழியிலும் கேட்டது. ஓய்வு என்பது முதலாளி போடும் பிச்சை அல்ல. கூலி எப்படி உரிமையோ, அப்படியே ஓய்வும் உரிமை.

சட்டமும் இதை ஒப்புக்கொண்டது. 1951-ஆம் ஆண்டு தோட்டத் தொழிலாளர் சட்டம், இருபது நாள் வேலைக்கு ஒரு நாள் வீதம் சம்பளத்துடன் விடுப்பு என்று எழுதி வைத்தது. பொழுதுபோக்கு வசதி செய்து தரும்படி தோட்ட முதலாளிக்கு உத்தரவிட மாநில அரசுக்கு அதிகாரமும் தந்தது. 2020-ல் அந்தச் சட்டத்தைப் புதிய தொழிற்சட்டத் தொகுப்புக்குள் அடக்கியபோதும் இருபதுக்கு ஒன்று என்ற கணக்கு நிலைத்தது. அந்த விடுப்பை நாம் என்ன செய்கிறோம்? காய்ச்சலுக்கும் துக்கத்துக்கும் செலவழிக்கிறோம்.

ஆஸ்திரேலியாவைப் பற்றிப் பேசினோம். நம் லயத்தில் பிறந்து படித்து இன்று அந்த நாட்டில் வேலை பார்க்கும் பிள்ளைகள் உண்டு. அப்படிப்பட்ட தம்பி ஒருவர் கெய்ன்ஸ் என்ற ஊருக்கு மூன்று நாள் போய்வரத் திட்டம் போடுகிறார் என்று வைத்துக்கொள்வோம். குவீன்ஸ்லாந்து மாநிலத்தின் வடக்கே வெப்பமண்டலத்தில் இருக்கும் கடற்கரை நகரம் அது. கடலுக்குள் 2,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பவளப்பாறைகள் கிடக்கின்றன. உலகமே பார்க்க வருகிறது. தம்பி முதலில் என்ன செய்வார்? பருவம் பார்ப்பார். நவம்பர் முதல் மே வரை அந்தக் கடலில் விஷமுள்ள ஜெல்லி மீன்கள் நடமாடும்; மழையும் புயலும் அந்தக் காலத்தில்தான். ஆகவே ஜூனுக்குப் பிறகு ஒரு தேதியைக் குறிப்பார். அதன்பின் செலவு, தங்குமிடம், பார்க்க வேண்டிய இடம் என்று தாளில் எழுதுவார். பயணத்தில் பாதி, புறப்படும் முன்பே முடிந்துவிடுகிறது. இந்தத் திட்டம் போடும் பழக்கத்தை நாமும் கற்க வேண்டும்.

அந்தத் தம்பிக்கு இன்னொன்றும் சொல்லுவோம். பவளப்பாறையைப் பார்த்துவிட்டுக் கரும்புத் தோட்டங்களையும் பார்த்து வாருங்கள். 1863 முதல் 1904 வரை ஏறத்தாழ 62,000 தீவு மக்களைக் கப்பலில் ஏற்றி வந்து குவீன்ஸ்லாந்தின் கரும்புக் காட்டில் வேலை வாங்கினார்கள். வனுவாட்டு, சாலமன் தீவுகளிலிருந்து ஆசை காட்டியும், ஏமாற்றியும், சிலரைப் பிடித்தும் கொண்டுவந்தார்கள். காடு கழனியான பிறகு, 1901-ல் ஒரு சட்டம் போட்டு, பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பினார்கள். தங்கிவிட்டவர்களின் பிள்ளைகளைத் தனிச் சமூகம் என்று அந்நாட்டு அரசு ஏற்றுக்கொள்ள 1994 வரை ஆயிற்று. அங்கே கரும்பு, இங்கே தேயிலை. அங்கே கப்பல், இங்கே கங்காணி. அழகான ஊர் எங்கே இருந்தாலும் அதைச் செய்த கை எது என்று தேடிப் பார்ப்பதுதான் உழைப்பாளியின் சுற்றுலா.

அந்தக் கண்ணோடு நம் எல்லையையே ஒரு சுற்றுப் பார்ப்போம்.

டாப் ஸ்டேஷனில் மேகம் பார்க்கக் கூட்டம் கூடுகிறது. அந்தப் பெயர் எப்படி வந்தது? மூணாறிலிருந்து அதுவரை குண்டளை வழியாகக் குட்டி ரயில் ஓடியது. அங்கிருந்து தேயிலைப் பெட்டிகள் கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, போடிநாயக்கனூர் போய்ச் சேர்ந்தன. பெட்டி கம்பியில் இறங்கியது. நம் பாட்டனும் பாட்டியும் கால்நடையாக ஏறினார்கள். 1924 வெள்ளத்தில் ரயில் பாதை அடித்துக்கொண்டு போயிற்று. பெயர் மட்டும் நின்றது. இதை நம் பிள்ளைகளுக்கு அந்த இடத்திலேயே நிறுத்திச் சொல்ல வேண்டாமா?

பாலக்காட்டில் மலம்புழை அணை இருக்கிறது. 1955 அக்டோபரில் அதைத் திறந்து வைத்தவர் காமராசர். மலபார் அப்போது சென்னை மாகாணத்தோடு இருந்தது. அடுத்த ஆண்டு நவம்பரில்தான் கேரளம் பிறந்தது. இரு மொழிக்காரர்களும் சேர்ந்து மண் சுமந்த அணையின் தண்ணீர் இன்றும் இரு மொழிக்காரர் வயலிலும் பாய்கிறது. தோட்டத்தில் 1969-ல் கானாயி குஞ்ஞிராமன் செதுக்கிய யட்சி சிலை நிற்கிறது. ஊருக்குள் ஐதர் அலி 1766-ல் கட்டிய கோட்டை. மூணாறு லயத்துப் பிள்ளைகளில் எத்தனை பேர் இவற்றைப் பார்த்திருப்பார்கள்? கொழிஞ்சாம்பாறை, சிற்றூர்ப் பிள்ளைகளில் எத்தனை பேர் ஆனைமுடியைக் கண்டிருப்பார்கள்? 2,695 மீட்டர் உயரம். தென்னிந்தியாவிலேயே அதைவிட உயர்ந்த சிகரம் இல்லை.

ஆகவே நாம் சொல்லும் யோசனை இதுதான். இடுக்கிக் குடும்பங்கள் பாலக்காட்டுக்கு இறங்கட்டும். பாலக்காட்டுக் குடும்பங்கள் மூணாறுக்கு ஏறட்டும். ஒருவர் மற்றவருக்கு விருந்தினர். லாட்ஜுக்குக் கொடுக்கும் பணம் மிச்சம், உறவும் வளரும்.

காலம்: மூணாறில் ஜனவரி மாதம் உறைபனி விழும், கொழுந்து குறையும், விடுப்புக் கேட்க ஏற்ற நேரம். பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உள்ளிட்ட எல்லை மாவட்டங்களில் பள்ளிக்கூடம் விடுமுறை. எனவே தை மாதம் மேலிருந்து கீழே. ஏப்ரல், மே மாதங்களில் பள்ளி விடுமுறை; பாலக்காட்டில் வெயில் கொளுத்தும். அப்போது கீழிருந்து மேலே. வரையாடு குட்டி போடும் காலமான பிப்ரவரி, மார்ச்சில் இரவிகுளம் தேசியப் பூங்காவை மூடிவிடுவார்கள் என்பதை மறக்க வேண்டாம்.

வழி: மூணாறு, மறையூர், சின்னாறு, உடுமலை, பொள்ளாச்சி, பாலக்காடு. மறையூரில் பழங்காலத்துக் கல் முனியறைகளைப் பாருங்கள். சின்னாறு காட்டை வெளிச்சம் இருக்கும்போதே கடந்துவிட வேண்டும். இரவில் அது யானையின் பாதை.

பணம்: பன்னிரண்டு குடும்பம் சேர்ந்தால் ஒரு பஸ் நிறையும். குடும்பத்துக்கு வாரம் 50 ரூபாய் என்று பங்குனிக் கடைசியில் சீட்டுத் தொடங்கினால், தை பிறப்பதற்குள் நாற்பது வாரம், குடும்பத்துக்கு 2,000 ரூபாய், மொத்தம் 24,000. மூன்று வண்டிக்காரர்களிடம் வாடகை கேட்டு எழுதி வாங்குங்கள். கணக்குப் புத்தகம் பெண்கள் கையில் இருக்கட்டும். வட்டிக்கு வாங்கிப் போகும் பயணம் நமக்கு வேண்டாம். வண்டியில் சாராயமும் வேண்டாம். அது ஏறினால் பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் அது சுற்றுலா ஆகாது.

பாதுகாப்பு: 2009 செப்டம்பர் 30-ல் தேக்கடிப் படகு கவிழ்ந்து 45 பேர் மாண்டதை நினைவில் வையுங்கள். மாட்டுப்பட்டியிலோ வேறெங்கோ படகு ஏறினால் மிதவைச் சட்டை போடாமல் ஏறாதீர்கள். 2018 மார்ச்சில் குரங்கணி மலைத் தீயில் இருபதுக்கும் மேற்பட்டோர் கருகினார்கள். கோடைக்காலத்தில் வனத்துறை வேண்டாம் என்ற பாதையில் கால் வைக்காதீர்கள்.

எல்லாம் சரி. ஓர் இடத்தில் மட்டும் இந்தத் திட்டம் இடிக்கிறது. இடுக்கிக் குடும்பம் கொழிஞ்சாம்பாறைக்குப் போனால் ஒரு திண்ணையாவது கிடைக்கும். பாலக்காட்டுக் குடும்பம் மூணாறுக்கு வந்தால் எங்கே படுக்கும்? ஓர் அறை, ஓர் அடுப்படி. அதில் மாமியார், மருமகள், வளர்ந்த பிள்ளைகள். விருந்தாளிக்குப் பாய் விரிக்க இடமில்லாத வீட்டில் மூன்று தலைமுறையாக வாழ்கிறோம். வேலையிலிருந்து ஓய்வு பெற்றால் அந்த அறையும் நமக்கில்லை. ஊர் முழுக்க விருந்தினர் விடுதி எழும்பிய மலையில், விருந்தினரை வைத்துக்கொள்ள முடியாத ஒரே ஜாதி நாம்தான்! ஆகவே வருகிற குடும்பங்களுக்குப் பள்ளிக்கூடத்தையோ கோயில் மண்டபத்தையோ கேட்டு வாங்க வேண்டும். கேட்கும்போதே, ஏன் கேட்க வேண்டியிருக்கிறது என்பதையும் உரக்கச் சொல்ல வேண்டும்.

மேலே வருகிற தோழர்களே, ராஜமலைக்குப் போகும்போது இன்னோர் இடத்திலும் நின்று வாருங்கள். 2020 ஆகஸ்ட் 6-ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை இடிந்து லயங்களின் மேல் விழுந்தது. 70 பேர் போனார்கள். உறங்கிக்கொண்டிருந்த நம் மக்கள். பச்சைக் குழந்தைகள் உட்பட. அவர்களை ராஜமலையில்தான் புதைத்தோம். சுற்றுலா வண்டி போகும் அதே மலை. வரையாட்டைப் பார்த்த கண்ணால் அந்தக் குழிகளையும் பார்த்து, ஒரு பூ வைத்துவிட்டு வாருங்கள். அங்கே நிற்கும்போது, பாதுகாப்பான வீடு என்ற கோரிக்கை வெறும் காகிதக் கோரிக்கையாகத் தோன்றாது.

2015 செப்டம்பரில் நம் பெண்கள் மூணாறு சாலையில் உட்கார்ந்தார்கள். அன்று நாள் கூலி 232 ரூபாய். ஒன்பது நாள் எழுந்திருக்கவில்லை. இருபது சதவீத போனஸ் வாங்கிக்கொண்டு எழுந்தார்கள். படம் பிடிக்க வந்த பலருக்கு அன்றுதான் இந்தப் பச்சை மலையில் மனிதர்கள் வாழ்கிறார்கள் என்று தெரிந்தது. அந்தச் சாலையில் போராடுவதற்காக உட்கார்ந்தவர்களுக்கு, அதே சாலையில் பிள்ளை கையைப் பிடித்துக்கொண்டு வேடிக்கை பார்த்து நடக்கவும் உரிமை உண்டு.

எனவே நாம் கோருவது மூன்று. தோட்டத் தொழிலாளர் குடும்பத்துக்கு ஆண்டில் ஒரு நாளாவது பூங்காக்களிலும் அணைகளிலும் கட்டணமின்றி அனுமதி தர வேண்டும். சேர்ந்து போக நினைக்கும் குடும்பங்களுக்கு ஒரே நேரத்தில் சம்பளத்துடன் விடுப்பு தர வேண்டும். பார்க்கும் இடங்களில் வைக்கும் பலகைகளில், துரைமார் பெயரோடு காடு வெட்டிய கைகளின் கதையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதப்பட வேண்டும்.

குறிஞ்சி பன்னிரண்டு வருடத்துக்கு ஒரு முறை பூக்கிறது. 2018-ல் பூத்தபோது வெள்ளம் வந்து எல்லாரையும் முடக்கிப் போட்டது. இனி 2030-ல் பூக்க வேண்டும். அன்று நாடே இங்கு வரும். அப்போதும் நாம் படத்தின் ஓரத்தில் சாக்குடன்தான் நிற்கப் போகிறோமா? அல்லது நம் வீட்டு அம்மா ஒரு நாளாவது சாக்கை இறக்கி வைத்துவிட்டு, பேரப்பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு, தான் வாழ்ந்த மலை நீலமாகும் அழகைப் பார்க்கப் போகிறாரா?

முதல் வாரத்து 50 ரூபாயை எடுத்து வையுங்கள். மற்றதைச் சங்கக் கூட்டத்தில் பேசுவோம்.